எந்தக் கும்பிடு மனதை என்ன செய்கிறது?

எங்கள் அம்மம்மா விடிய நாலரைக்கு எழும்பி, கிணற்றடியில் முகம் கழுவி, திருநீறு பூசிக்கொண்டு விறாந்தையில் வந்து இருப்பார். முதலில் பஞ்சபுராணம், அதாவது திருமுறைகளிலிருந்து ஐந்து பாட்டு. அதில் கொஞ்சம் நித்திரைக் கலக்கமும் இருக்கும்; சில நாட்களில் ஒரு அடியையே விழுங்கிவிடுவார். பாடி முடிந்ததும் குரல் மாறும். "பிள்ளையாரப்பா, பெடியன் நேற்றும் போன் எடுக்கேல்லை. எனக்கு நித்திரை இல்லை. நீதான் பாத்துக்கொள்ள வேணும்" என்று வேலிக்கு அந்தப் பக்கம் நிற்கிற ஆளோடு கதைப்பது மாதிரிக் கதைப்பார். பிறகு ஒன்றும் பேசாமல் முற்றத்தைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் இருப்பார். அப்புறம்தான் தேத்தண்ணி.

அந்த அரை மணித்தியாலத்துக்குள் மூன்று விதமான கும்பிடு நடந்து முடிந்துவிடும் என்பது, பல வருடம் கழித்து உளவளத்துணை படிக்கப் போனபோதுதான் எனக்கு விளங்கியது.

"சாமி கும்பிட்டால் மனதுக்கு நல்லதாமே, உண்மையா?" என்று அடிக்கடி கேட்கிறார்கள். சாப்பிட்டால் உடம்புக்கு நல்லதா என்று கேட்பது போன்ற கேள்வி இது. என்ன சாப்பிட்டீர்கள், எவ்வளவு, பசித்தா, பயத்திலா என்று தெரியாமல் என்ன பதில் சொல்வது? யாழ்ப்பாணத்தில் இதற்கு எல்லாருக்கும் பொதுவான ஒரு சொல் கிடையாது. சைவர்கள் கும்பிடுகிறார்கள், கத்தோலிக்கர் செபிக்கிறார்கள், மற்றச் சபையார் ஜெபிக்கிறார்கள், முஸ்லிம்கள் தொழுகிறார்கள், துஆக் கேட்கிறார்கள், நாகவிகாரைக்குப் போகிற பௌத்தர்கள் வந்தனை செய்கிறார்கள். வெளியில் இத்தனை வேறுபாடு இருந்தாலும் உள்ளே மனம் செய்கிற வேலை ஒரு சில வகைதான். எந்த மதம் என்பதைவிட அந்த வேலை எது என்பதைப் பார்த்தால் விஷயம் வெளிக்கும்.

1980களில் அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்து அக்ரன் நகரில் மாகிரட் பொலோமா, பிறையன் பென்டில்டன் என்ற இரண்டு சமூகவியலாளர்கள் இதைப் பிரித்துப் பார்த்தார்கள். அதற்கு முன்பு பெரும்பாலும், எத்தனை தரம் பிரார்த்திக்கிறீர்கள் என்று கேட்டு எண்ணுவதோடு ஆய்வு நின்றுவிடும். இவர்கள், அந்த நேரத்தில் என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார்கள். பதில்கள் நாலு குவியலாக விழுந்தன: மனப்பாடமானதைச் சொல்வது அல்லது புத்தகத்தைப் பார்த்து வாசிப்பது, தனக்கும் தன் ஆட்களுக்கும் இன்னது வேண்டும் என்று கேட்பது, சொந்தச் சொல்லில் கடவுளோடு கதைப்பது, ஒன்றும் கேட்காமல் சும்மா அந்த நினைவில் இருப்பது.

1989இல் முடிவு வெளிவந்தது. கதைக்கிறவர்களிடம் சந்தோஷம் கூடுதலாகத் தெரிந்தது. சும்மா இருக்கிறவர்களிடம் வாழ்க்கைக்கு ஒரு பொருள் உண்டு என்ற நிறைவு தெரிந்தது. மனப்பாடப் பிரார்த்தனையோடு மட்டும் நிற்கிறவர்களிடம் கவலையும் தனிமையும் மனச்சோர்வும் கூடுதலாக இருந்தன.

இதை வாசித்துவிட்டு அம்மம்மாவின் பஞ்சபுராணத்தை நிறுத்தப் போக வேண்டாம். மழை நாளில் ஒழுங்கையில் குடைகள் கூடுதலாகத் தெரியும். குடைதான் மழையைக் கொண்டுவந்தது என்று சொல்வோமா? மனம் சோர்ந்து சொந்தமாக ஒரு சொல்லும் வராத நேரத்தில், மனப்பாடமானது ஒன்றுதானே வாயில் வரும்! அதோடு, அவர்கள் கேட்டது அக்ரன் மக்களிடம். ஐந்து வயதில் மடியில் இருந்து தேவாரம் பழகியவருக்கு அந்த வரிகளில் தாயின் குரலும் சேர்ந்து கேட்கும். அதை உலர்ந்த சடங்கு என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஆனால் அந்த ஆய்வு போட்ட நாலு பெட்டியும் பயனுள்ளவை. அதனால் அவற்றை வைத்துக்கொண்டு மேலே போவோம்.

மனப்பாடத்திலிருந்தே தொடங்கலாம். எங்கள் பக்கத்தில் மனம் சரியில்லாதவர்கள் "எனக்கு மனச்சோர்வு" என்று சொல்லிக்கொண்டு வருவது அரிது. "நெஞ்சடைக்குது", "ஒரே யோசனை", "பெருமூச்சாய் வருது" என்பார்கள். இந்தப் பெருமூச்சு சும்மா பேச்சுவழக்கு இல்லை. பதகளிப்பு (மனப்பதற்றம்) உள்ளவரின் மூச்சு மேலோட்டமாகவும் வேகமாகவும் ஓடும், இடையிடையே ஒரு நீண்ட மூச்சு வந்து அதைச் சரிக்கட்டப் பார்க்கும். சரி, இப்போது செபமாலையை நினைத்துப் பாருங்கள். குருநகரில் ஒரு வீட்டில் பின்னேரம் ஐம்பத்து மூன்று மணி சொல்கிறார்கள். ஒருவர் முன்பாதியைச் சொல்ல மற்றவர்கள் பின்பாதியைச் சொல்கிறார்கள். சொல்லும்போது மூச்சு வெளியே போகிறது, மற்றவர் சொல்லும்போது உள்ளே வருகிறது. இத்தாலியில் லூசியானோ பெர்னார்டி என்ற மருத்துவரும் கூட்டாளிகளும் 23 பேரை வைத்து இதையே அளந்தார்கள். லத்தீனில் செபமாலை சொன்னபோதும், 'ஓம் மணி பத்மே' என்ற மந்திரத்தைச் சொன்னபோதும் மூச்சு நிமிடத்துக்கு ஆறளவுக்கு இறங்கியது. இதயத் துடிப்பும் இரத்த அழுத்தமும் அந்தத் தாளத்துக்கே வந்தன. 2001இல் வெளியான ஆய்வு அது. மேரிக்கும் மணி பத்மேக்கும் உடம்பு வித்தியாசம் பார்க்கவில்லை.

தொழுகை முடிந்தபின் விரல் மடித்துச் சொல்லும் தஸ்பீஹ், முப்பத்து மூன்று தரம் சுப்ஹானல்லாஹ், முப்பத்து மூன்று தரம் அல்ஹம்துலில்லாஹ் என்று போவதும், உருத்திராக்க மாலையில் நூற்றெட்டு ஐந்தெழுத்தும் இந்தக் குடும்பந்தான். ஆனால் நிதானமாகச் சொன்னால்தான் இந்தக் கணக்குச் சரிவரும். கடைசி பஸ்ஸைப் பிடிக்கிற வேகத்தில் சொன்னால் மூச்சுக்கு எங்கே இடம்? (எங்கள் ஊர்க் கோயிலில் ஒரு ஐயா பதிகம் ஓதினால் நான் வாசலில் செருப்பைக் கழற்றி முடிக்க முதல் பாடி முடித்துவிடுவார்.)

யாழ்ப்பாணத்தில் இதைச் சிகிச்சைக்குள் கொண்டுவந்தவர் மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம். போரில் மனவடுப்பட்ட ஒரு சமூகத்துக்கு மேற்கத்தைய தளர்வுப் பயிற்சியை அப்படியே இறக்குமதி செய்யாமல், மக்களுக்கு முன்பே தெரிந்த மூச்சுப் பயிற்சி, சாந்தி ஆசனம், சொல் ஜெபம் ஆகியவற்றையே பயன்படுத்தலாம் என்று அவர் எழுதினார். சைவருக்கு அவர்கள் மந்திரம், கத்தோலிக்கருக்கு அவர்கள் செபம், முஸ்லிமுக்கு இறைவனை நினைந்து சொல்லும் திக்ர், பௌத்தருக்குச் சரணம். சிறுவயதில் பழகிப் பின்பு விட்டுப்போனதை மறுபடி எடுத்துக் கொடுப்பதால் ஆட்களும் கூச்சமில்லாமல் செய்தார்கள்.

அடுத்தது கதைப்பது. டென்மார்க்கில் உஃபே ஷோட் என்ற ஆய்வாளர் 20 கிறிஸ்தவர்களை எம்ஆர்ஐ இயந்திரத்துக்குள் படுக்க வைத்து ஜெபிக்கச் சொன்னார். சொந்தச் சொல்லில் ஜெபித்தபோது, இன்னொரு ஆளோடு பழகும்போது மூளையில் எந்தப் பகுதிகள் வேலை செய்யுமோ அந்தப் பகுதிகள் வேலை செய்தன. நத்தார் தாத்தாவிடம் பரிசு கேட்கச் சொன்னபோது அப்படி நடக்கவில்லை. அம்மம்மாவின் மூளையைப் பொறுத்தவரை பிள்ளையார் வேலிக்கு அந்தப் பக்கம் உண்மையாகவே நிற்கிறார். பிள்ளைகள் எல்லாரும் கனடா, லண்டன் என்று போய், பெரிய வீட்டில் தனியே இருக்கிற ஒருவருக்கு நாள் முழுவதும் கதைக்க ஒரு ஆள் இருப்பது சின்ன விஷயமா?

ஆனால் அந்த ஆள் எப்படிப்பட்டவர் என்பதில்தான் எல்லாம் தங்கியிருக்கிறது. கிறிஸ்டோபர் எலிசனும் கூட்டாளிகளும் 2014இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தொடுகிறது. கடவுள் எனக்குப் பக்கத்தில் இருக்கிறார் என்று நம்பிப் பிரார்த்திப்பவர்களிடம் பதகளிப்புக் குறைவாகவும், கடவுள் கேட்பாரோ கைவிடுவாரோ என்று தவித்தபடி பிரார்த்திப்பவர்களிடம் கூடுதலாகவும் காணப்பட்டது. இரண்டு பேரும் ஒரே அளவு நேரம் கைகூப்பலாம். ஒருவர் 'அம்மாளாச்சி' என்று கூப்பிடும்போது மடி தெரிகிறது. மற்றவருக்கு எட்டுக் கையும் எட்டு ஆயுதமும்தான் தெரிகிறது.

கேட்பது என்ற வகைக்கு எங்கள் பெயர் நேர்த்தி. நல்லூர்க் கந்தனின் 25 நாள் திருவிழாவில் விடியப்புறம் போய் நின்று பாருங்கள். ஆண்கள் ஈர வேட்டியோடு வீதி மணலில் பிரதட்டை உருளுவார்கள். பெண்கள் அடிக்கு அடி விழுந்து கும்பிட்டு அடியழித்து வருவார்கள். மகனுக்கு விசா, மகளுக்குக் கலியாணம், புருஷனின் குடி என்று ஒவ்வொருவருக்கும் ஒரு கணக்கு இருக்கும். ஒன்றும் செய்ய முடியாத இடத்தில் செய்வதற்கு ஒன்றைக் கொடுக்கிறது நேர்த்தி. கையைப் பிசைந்துகொண்டு இருப்பதைவிட அது எவ்வளவோ மேல். உருண்டு முடித்து மணல் ஒட்டின முதுகோடு எழும்புகிறவரின் முகத்தில் ஒரு தளர்வு தெரியும். "இனி அவன்பாடு" என்பார்கள். அந்த ஒப்படைப்பு நடந்துவிட்டால் அன்று இரவு நித்திரை வரும்.

நடக்காவிட்டால்? பிரச்சினை அங்கேதான். கேட்டதையே ஒரு நாளைக்கு நூறு தரம் கேட்டுக்கொண்டிருப்பது பல நேரம் கும்பிடு இல்லை, யோசனை. யாழ்ப்பாணத்துப் பொருளில் யோசனை, அதாவது ஒரே கவலையை மனதுக்குள் போட்டு உழக்குவது. அதற்குத் திருநீறு பூசிவிட்டால் பக்தி போலத் தெரியும், அவ்வளவுதான். வித்தியாசம் பார்ப்பது சுலபம்: எழும்பி வரும்போது முன்பைவிடக் கொஞ்சம் இலேசாக இருக்கிறீர்களா, கூடுதல் பாரமாக இருக்கிறீர்களா?

கேட்கும் வகைக்குள் இன்னொன்று மற்றவருக்காகக் கேட்பது. கனடாவின் ஸ்காபரோவில் இருக்கிற பேரனின் பெயரும் நட்சத்திரமும் சொல்லி இங்கே அருச்சனை நடக்கும். திருநீற்றின் படம் வாட்ஸ்அப்பில் போகும். இது பேரனுக்கு வேலை செய்கிறதா என்று விஞ்ஞானத்தைக் கேட்டால் சங்கடமான பதில்தான் கிடைக்கும். ஹேர்பேர்ட் பென்சன் குழுவினர் 2006இல் வெளியிட்ட பெரிய ஆய்வில், 6 மருத்துவமனைகளில் இதய பைபாஸ் அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட 1802 பேர் இருந்தார்கள். தங்களுக்காகப் பிரார்த்திக்கிறார்களோ இல்லையோ என்று தெரியாத இரு பிரிவினரில், பிரார்த்திக்கப்பட்டவர்களில் 52 வீதத்தினருக்கும் பிரார்த்திக்கப்படாதவர்களில் 51 வீதத்தினருக்கும் சிக்கல் வந்தது. நிச்சயமாகப் பிரார்த்திக்கிறார்கள் என்று சொல்லப்பட்டவர்களிலோ 59 வீதம். "எனக்காகக் கும்பிடுகிற அளவுக்கு நான் மோசமோ?" என்ற பயம் காரணமாக இருக்கலாம் என்று ஊகித்தார்கள். ஆனால் அந்த ஆய்வில் பிரார்த்தித்தவர்கள் முன்பின் தெரியாத ஆட்கள். "ஆச்சி உனக்கு அருச்சனை செய்தவ" என்ற செய்தியில் பேரனுக்குப் போய்ச் சேருவது வேறொன்று.

இனி, அந்த நாலு பெட்டிக்குள்ளும் சரியாக அடங்காத ஒன்று: முறையிடுவது, ஏன் ஏசுவதுகூட. "கடவுளோடு கோபிக்கலாமா?" என்று என்னிடம் தாழ்ந்த குரலில் கேட்டவர்கள் பலர். பிள்ளையைப் பறிகொடுத்த ஒருவர் சாமியறையைப் பூட்டிவிட்டு, பூட்டியதற்காகவும் தன்னையே குற்றம் சொல்லிக்கொண்டு இருப்பார். அவர்களுக்கு நான் சுந்தரரைத்தான் சொல்வேன். கண்பார்வை போன சுந்தரர் திருவாரூரில் நின்று, உம்முடைய அடியார் இப்படி வருந்தினாலும் நீர் மட்டும் நன்றாக "வாழ்ந்து போதீரே" என்று சிவனைக் குத்திப் பாடினார். அந்தப் பாட்டைத் திருமுறையிலிருந்து யாரும் தூக்கி எறியவில்லை. "என் இறைவா, என் இறைவா, ஏன் என்னைக் கைவிட்டீர்?" என்று தொடங்கும் 22ஆம் திருப்பாடல் விவிலியத்துக்குள்ளேயே இருக்கிறது. மகன் யூசுஃபைத் தொலைத்து அழுதழுது கண்பார்வை வெளிறிப்போன நபி யஃகூப், என் துக்கத்தையும் கவலையையும் அல்லாஹ்விடமே முறையிடுகிறேன் என்று சொல்வதைக் குர்ஆன் சொல்கிறது. தவக்காலத்தில் எங்கள் கரையோர ஊர்களில் இயேசுவின் பாடுகளைச் சொல்லும் பசாம் படிக்கும்போது கேட்கும் இழுவையும் ஒப்பாரியின் இழுவைதான். கோபிக்கிறவர் இன்னும் கதைத்துக்கொண்டுதான் இருக்கிறார். உறவு அறுந்துபோகவில்லை.

மதத்தைப் பற்றிக்கொண்டு துன்பத்தைத் தாண்டுவதில் நல்ல வழியும் கெட்ட வழியும் உண்டு என்று பிரித்துக் காட்டியவர் கெனத் பார்கமென்ற் என்ற அமெரிக்க உளவியலாளர். அவரது குழு ஆஸ்பத்திரியில் இருந்த 55 வயது தாண்டிய 596 நோயாளிகளை இரண்டு வருடம் பின்தொடர்ந்தது. 'கடவுள் என்னைக் கைவிட்டுவிட்டார்', 'கடவுளுக்கு என்மேல் அன்பில்லை', 'இது சாத்தானின் வேலை' என்ற எண்ணங்களோடு மல்லுக்கட்டியவர்கள் இறக்கும் ஆபத்துக் கூடுதலாக இருந்தது என்று 2001இல் எழுதினார்கள். ஏசிவிட்டு ஆறுவது ஒன்று, தண்டிக்கப்பட்டேன் என்று உள்ளே உறைந்துபோவது இன்னொன்று. செத்தவீட்டில் வந்து "போன பிறப்பில் என்ன பாவம் செய்தியோ" என்று ஆறுதல் சொல்கிறவர்களுக்கு, தாங்கள் எதை விதைத்துவிட்டுப் போகிறோம் என்று தெரிவதில்லை.

காணாமல் ஆக்கப்பட்டவர்களின் வீடுகளில் இது இன்னும் சிக்கல். இறந்தவருக்கு எங்களிடம் முறை இருக்கிறது: எட்டாம் நாள் சடங்கு, முப்பத்தோராம் நாள் கீரிமலையில் அந்தியேட்டிக் கிரியை, வருடம் முடிய ஆட்டத் திவசம். துக்கம் படிப்படியாக இறங்க ஒரு படிக்கட்டு அது. 2009 மே மாதம் கையிலிருந்து நழுவிப்போன மகனுக்கு எந்தப் படியில் கால் வைப்பது? அந்தியேட்டி செய்தால் அவனைத் தாயே கொன்றது போலாகிவிடும். செய்யாவிட்டால், ஒருவேளை செத்திருந்தால், அவன் ஆத்மா அலையுமோ என்ற பயம். இப்படி முடிவு தெரியாத இழப்புக்குப் போலின் பாஸ் என்ற அமெரிக்க அறிஞர் 1970களிலேயே 'தெளிவற்ற இழப்பு' என்று பெயர் வைத்து ஆராயத் தொடங்கினார். இழந்தேன், இன்னும் இழக்கவில்லை என்ற இரண்டையும் ஒரே நேரத்தில் வைத்திருக்கப் பழகுவதுதான் வழி என்பது அவர் கருத்து. எனக்குத் தெரிந்த ஒரு தாய் ஒவ்வொரு வருடமும் மகனின் நட்சத்திரத்தில் செல்வச்சந்நிதி முருகன் கோயிலில் அன்னதானம் கொடுக்கிறார். பிறந்தநாளா, நினைவுநாளா என்று யாரும் கேட்பதில்லை, அவரும் சொல்வதில்லை.

சும்மா இருக்கும் வகையைப் பற்றி எங்கள் ஊருக்குப் புதிதாகச் சொல்லத் தேவையில்லை. நல்லூர்த் தேரடியில் தன் குரு செல்லப்பா சுவாமிகளிடம் கேட்டதாக யாழ்ப்பாணத்து ஞானி யோகர் சுவாமிகள் சொன்ன "ஒரு பொல்லாப்பும் இல்லை" என்ற வாக்கியம் இன்றும் பலரின் வாயில் உண்டு. தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதியில் பூசகர் வாயைத் துணியால் கட்டிக்கொண்டு மௌனமாகத்தான் பூசை செய்கிறார். பௌத்தத்தில் கேட்பதற்கு ஒரு படைத்தவன் இல்லை. மூச்சைப் பார்ப்பதும், எல்லா உயிரும் நலமாயிருக்க என்று மைத்திரி நினைப்பதும்தான் பயிற்சி. அதிலிருந்து எடுத்துத்தான் ஜோன் கபட்-சின் 1979இல் அமெரிக்காவில் நோயாளிகளுக்கான ஒரு பயிற்சியை அமைத்தார்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. கண்ணை மூடி இருங்கள் என்றால் எல்லாருக்கும் அமைதி வராது. சிலருக்குக் கண்ணை மூடினவுடன் ஷெல் சத்தமும் பங்கரும் வரும். ஒரு குழுப் பயிற்சியில் நானே "எல்லாரும் கண்ணை மூடுங்கோ" என்று சொல்லி, ஒரு அக்கா வியர்த்து நடுங்கி எழும்பி ஓடியதைப் பார்த்திருக்கிறேன். பிழை என்னுடையது. அப்படிப்பட்டவர்கள் கண்ணைத் திறந்து குத்துவிளக்குச் சுடரைப் பார்த்தபடி இருக்கலாம், வீதி சுற்றி நடக்கலாம், சேர்ந்து பாடலாம். மார்கழித் திருவெம்பாவைக்குச் சங்கூதிக்கொண்டு போகும் பெடியளுக்கும், சோனகத்தெருப் பள்ளிவாசலில் தோளோடு தோள் சேர்ந்து நிற்கும் வரிசைக்கும் தியானம் தராத ஒன்று கிடைக்கிறது: பக்கத்தில் ஆள். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு, பல வருடத்துக்குப் பிறகு அதே பள்ளிவாசலில் வந்து நிற்கிறவருக்கு அந்த வரிசை எவ்வளவு பெரிது!

கும்பிடே நோயின் முகமாக வருவதும் உண்டு. கவசம் படிக்கும்போது ஒரு சொல் தடக்கினால் முதலிலிருந்து தொடங்கி, அப்படியே இரண்டு மணித்தியாலம் போய், பள்ளிக்கூடத்துக்குப் பிந்துகிற பிள்ளையை யோசியுங்கள். தொழுகைக்கு முன் கை, முகம், கால் கழுவும் வுழூ சரியாக வந்ததோ என்று திரும்பத் திரும்பக் கழுவுவதை முஸ்லிம்கள் வஸ்வாஸ் என்பார்கள். 9ஆம் நூற்றாண்டில் பிறந்த அபூ ஸைத் அல்-பல்கி என்ற அறிஞர் இப்படிப்பட்ட எண்ணங்களை அந்தக் காலத்திலேயே விவரித்திருக்கிறார். இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியார், மன்றேசா என்ற ஊரில் இருந்த காலத்தில் பாவசங்கீர்த்தனம் செய்த பிறகும் ஏதோ விட்டுவிட்டேன் என்று மறுபடி மறுபடி தவித்தார். பக்தி கூடிவிட்டது என்று வீட்டார் பெருமைப்படும் இந்த நிலை, ஒரே எண்ணமும் செயலும் திரும்பத் திரும்ப வந்து வற்புறுத்துகிற ஓசீடி (OCD) என்ற நோயாக இருக்கலாம். மருந்தும் பயிற்சியும் உண்டு, பலருக்கு நன்றாகக் குறையும். அடையாளம்: செய்து முடித்தாலும் நிறைவு வராது; பயம்தான் கொஞ்ச நேரம் விலகி நிற்கும்.

காதில் குரல் கேட்கிறது, கிழமைக்கணக்கில் நித்திரையில்லை, சாப்பாடு இறங்கவில்லை, சாக வேணும் போல இருக்கிறது என்றால், பார்வை பார்க்கவும் நூல் கட்டவும் அலைந்து மாதங்களைப் போக்கக் கூடாது. யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் மனநலப் பிரிவு இருக்கிறது, காசில்லை. உடனே யாரோடாவது கதைக்க வேண்டுமென்றால் தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இருக்கிறது. கோயிலை விட்டுவிட்டு வரச் சொல்லி யாரும் கேட்கப் போவதில்லை.

கிளினிக்குக்கு வருகிற ஒரு அம்மா இருந்தார். இரவுக் குளிசையை அடிக்கடி மறந்துவிடுவார். கடைசியில் மருந்துச் சரையைச் சாமித்தட்டில் திருநீற்றுக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைக்கச் சொன்னோம். விளக்கேற்றி, பதிகம் பாடி, திருநீறு பூசி, குளிசையைப் போட்டு ஒரு மிடறு தண்ணீர். "முதல்ல ஆருக்குச் சொல்லுறது எண்டுதான் யோசிச்சனான், இப்ப அவரிட்டைச் சொல்லிப்போட்டுத்தான் போடுறனான்" என்றார். அடுத்த மாதம் கொப்பியைப் பார்த்தபோது ஒரு நாளும் தவறவில்லை.